பின்பக்கம் புடைத்த தாள்

வார்தோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.
ஜனவரி பாதி தாண்டித்தான் தலைகாட்டும்.
அந்த இருட்டில்தான் பள்ளிக்கூடத்தில்
கேள்வித்தாள் கொடுத்தார்கள்.
பெயர் எழுத வேண்டாம்.
ஆணா, பெண்ணா. வயது.
ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இணையத்தில்.
அங்கே என்ன செய்கிறாய்.

அறுபத்தெட்டுத் தாள்கள்.
கூட்டிக் கழித்துக் கட்டம் நிரப்புவது
அலுவலகத்தில் என் வேலை.
ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஜா நிறம்,
தூரத்திலிருந்து பார்த்தாலே புரிய வேண்டும்
என்றார் தலைமையாசிரியர் ஓட்வார்.

பதினொரு வயதில் நிறம் பிரிக்க முடியவில்லை.
பையனும் பெண்ணும் ஒரே விளையாட்டில்
ஒரே கட்டை வீட்டுக்குக் கூரை போடுகிறார்கள்.
நேரத்தைத் தபால் நிலையக் கணக்கு மாதிரி எழுதுகிறார்கள்:
இரண்டே முக்கால் மணி,
ஞாயிறு மட்டும் மூன்று,
அம்மா தூங்கிவிட்டால் நான்கு.

பதிமூன்றில் தாள் இரண்டாகக் கிழிகிறது.
பையன்களுக்கு ஒரு சொல் போதும்: கேம்.
அதற்குமேல் எழுதினால் பேனா தீர்ந்துவிடும் போல.
பெண்கள் கோட்டைத் தாண்டி, ஓரத்தில் ஏறி,
தாளைத் திருப்பிப் பிடித்து எழுதுகிறார்கள்.
ஒருத்தி: நாற்பது படம் எடுத்தேன், ஒன்றும் போடவில்லை.
இன்னொருத்தி: எங்கள் குழுவில் ஐந்து பேர்.
நான் இல்லாத குழுவில் மற்ற நான்கு பேரும்.
இதை எந்தக் கட்டத்தில் போடுவது?
‘நண்பர்களுடன் பேசுதல்’ என்று போட்டேன்.
கை கூசியது.

பதினைந்தில் எல்லாரும் பொய் சொல்கிறார்கள்,
பையன்கள் ஏற்றி, பெண்கள் இறக்கி.
பத்து மணி நேரம் என்று மார்தட்டியவன் தாளில்
மீன் செதில் ஒட்டியிருந்தது.
ஆலையில் மாலை வேலை பார்க்கிறவனுக்குப்
பத்து மணி நேரம் ஏது?
ஒரு மணி நேரம் என்று அடக்கமாக எழுதியவள்
ஐந்தை அடித்துவிட்டு எழுதியிருந்தாள்.
ஒரு தாளில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை.
இரண்டு கட்டத்துக்கும் நடுவே
ஒரு காட் மீன், கண் திறந்தபடி.
அதற்கு என்னிடம் நிறம் இல்லை.

ஐம்பத்து மூன்றாவது தாளை எடுத்ததும்
விரல் நின்றுவிட்டது.
பின்பக்கம் புடைத்திருந்தது,
தடவியே படித்துவிடலாம் போல.
இந்த ஊரில் பேனாவை இப்படி அழுத்துகிறவன் ஒருவன்தான்.
கடைச் சீட்டு எழுதினால் சாப்பாட்டு மேசையில் பதியும்.
‘பால்’ என்ற சொல் இன்னும் அங்கேயே இருக்கிறது.
பெயர் வேண்டாம் என்று அச்சடித்தது நான்.
அடுத்த தாளுக்குப் போயிருக்க வேண்டும்.

ஆண். பதினைந்து. ராத்திரியில் இரண்டு மணி நேரம்.
என்ன செய்கிறாய்:
கப்பல் வரைபடம். பச்சை முக்கோணம்.
அவ்வளவுதான்.

உன் கதவிடுக்கில் நீல வெளிச்சம் கண்டு
“போதும், அணை, கண் கெட்டுப்போகும்” என்று
எத்தனை முறை கத்தியிருக்கிறேன், ஐவின்.
கத்திவிட்டு என் அறைக்கு வந்து
போர்வைக்குள் போனைத் திறப்பேன்.
பேரண்ட்ஸ் கடலில், நிலம் எதுவும் தெரியாத இடத்தில்,
அரிசிமணி அளவு ஒரு பச்சை முக்கோணம்.
தொட்டால் உன் அப்பாவின் படகுப் பெயர் வரும்,
கீழே வேகம்.
இரண்டு என்றால் வலை இழுக்கிறார்கள்.
பூஜ்யம் என்றால்
அது மாறும்வரை நான் புரண்டு படுப்பதில்லை.

மற்றவை: ஒன்று, என்று பதிந்தேன்.
வட்டப் படத்தில் அது நூல் அகலம்.
ஓட்வார் அதைப் பார்க்கவில்லை,
ரோஜா நிறம் கொஞ்சம் தூக்கல் என்றார்.
என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்:
பெண், நாற்பத்து நான்கு,
அதே இரண்டு மணி நேரம்.

நேற்று ராத்திரி நான் கத்தவில்லை.
காற்று கூரையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.
இரண்டே காலுக்கு
முக்கோணம் மூக்கைத் திருப்பியது,
தெற்கே, எங்கள் பக்கம்.
வேகம் ஒன்பது.
சுவருக்கு அந்தப் பக்கம்
கட்டில் கிறீச்சிட்டது.